வௌவாலுக்கும் நமக்கும் நடுவே நாலு சுவிட்சு

‘வௌவாலிலிருந்து புது நோய்’ என்று ஒரு செய்தி வந்தால் போதும், உடனே இரண்டு விதமான பேச்சு கிளம்பும். ஒன்று, “ஐயோ, தினமும் சாயங்காலம் தலைக்கு மேலேயே பறக்குதே, இனி என்ன ஆகுமோ?” என்கிற பயம். மற்றொன்று, “அது தொங்குற மரத்தையே வெட்டிப் போடுங்கப்பா!” என்கிற வீரம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். வௌவாலின் உடம்பில் இருக்கும் வைரஸ் மனிதனின் உடம்புக்குள் எந்த வழியாக வருகிறது என்று நாம் விசாரித்துப் பார்ப்பதில்லை.

விசாரித்தால் ஆச்சரியமாக இருக்கும். அந்த வழி நீளமானது. அதில் பல இடங்களில் கதவு இருக்கிறது. அந்தக் கதவுகளில் சிலவற்றைத் திறந்து வைத்தவர்கள் நாமேதான்! உலகில் உண்மையாக நடந்த சில சம்பவங்களை வைத்து இதைச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

கோவிட்-19 பற்றி ஏன் எழுதவில்லை என்று சிலர் கேட்கலாம். அந்த வைரஸின் நெருங்கிய உறவுக்கார வைரஸ்கள் குதிரைலாட வௌவால்களில் இருக்கின்றன. ஆனால் அது மனிதனுக்கு வந்து சேர்ந்த வழி பற்றி விஞ்ஞானிகளிடையே வழக்கு இன்னும் முடியவில்லை. ஆகவே துப்புத் துலங்கிய வழக்குகளை மட்டும் எடுத்துக் கொள்கிறேன்.

வௌவாலுக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை?

பாலூட்டிகளில் உண்மையாகச் சிறகடித்துப் பறப்பது வௌவால் மட்டுமே. உலகில் 1,400-க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் உள்ளன. பாலூட்டி இனங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இவைதான். ஆயிரக்கணக்கில் ஒன்றோடு ஒன்று ஒட்டித் தொங்கும். ஓர் இரவில் பல மைல் தூரம் போய் இரை தேடித் திரும்பும். உருவத்துக்குப் பொருந்தாத நீண்ட ஆயுளும் உண்டு. வைரஸுக்கு இதைவிட நல்ல வீடு எங்கே கிடைக்கும்?

பறப்பது மிகக் கடினமான உழைப்பு. அப்போது வௌவாலின் உடம்பு எஞ்சின் மாதிரி சூடேறுகிறது. செல்களுக்குச் சேதமும் ஏற்படுகிறது. அந்தச் சேதத்துக்கெல்லாம் உடம்பு பதறிக்கொண்டு வீக்கமும் அழற்சியுமாகப் பாய்ந்தால் பிழைக்க முடியாது. ஆகவே வௌவாலின் உடம்பு நிதானமாக இருக்கக் கற்றுக் கொண்டிருக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். வைரஸை அடக்கி வைக்கும். ஆனால் அதை ஒழிக்கிறேன் பேர்வழி என்று தன்னையே எரித்துக் கொள்ளாது. நம் உடம்பு அப்படி இல்லை. பல வைரஸ் நோய்களில் வைரஸ் செய்யும் கெடுதல் பாதி என்றால், நம் உடம்பே பதறி அடிக்கும் அடி மீதிப் பாதி. ஆக, வௌவாலுக்குச் சாதாரணமாக இருப்பது நமக்கு எமனாகிறது.

தொடர் இணைப்பு

எலக்ட்ரிக்கல் லேபில் முதல் வாரமே செய்து பார்க்கிற சோதனைதான். ஒரு பேட்டரி, ஒரு பல்பு, நடுவில் நாலு சுவிட்சுகள், எல்லாம் தொடர் இணைப்பில். நாலும் மூடியிருந்தால்தான் பல்பு எரியும். மூன்றை மூடி ஒன்றைத் திறந்து வைத்தால் எரியாது. எந்த ஒன்று என்பது முக்கியமே இல்லை.

வௌவால் வைரஸ் மனிதனுக்கு வருவதும் இதே மாதிரிதான்.

முதல் சுவிட்சு: வௌவால் வைரஸை எச்சிலிலோ சிறுநீரிலோ வெளியே விட வேண்டும். வைரஸ் இருக்கிற எல்லா வௌவாலும் எல்லா நாளும் இப்படி விடுவதில்லை.

இரண்டாவது: வெளியே வந்த வைரஸ் சாகாமல் இருக்க ஓர் இடம் வேண்டும். பழத்தின் ஈரம், சாறு, நனைந்த புல் போல. வெயிலும் காய்ச்சலும் வைரஸுக்கு ஆகாது.

மூன்றாவது: அதே இடத்துக்கு, அது சாவதற்குள், இன்னொரு பிராணியோ மனிதனோ வர வேண்டும்.

நாலாவது: வந்தவரின் செல்லில் அந்த வைரஸின் சாவி பொருந்துகிற பூட்டு இருக்க வேண்டும்.

இந்த நாலும் ஒரே சமயத்தில் மூடிக்கொள்வது அபூர்வம். மூடிக்கொண்ட இடங்களில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

பன்றிப் பண்ணையில் மாமரம்

மலேசியாவில் பேராக் மாநிலத்தில் ஈப்போ நகரத்தை ஒட்டிப் பெரிய பன்றிப் பண்ணைகள் இருந்தன. 1998 செப்டம்பர் வாக்கில் அங்கே வேலை செய்தவர்களுக்குக் கடும் காய்ச்சல், தலைவலி, பிறகு நினைவு தப்புதல் என்று வர ஆரம்பித்தது. மூளைக்காய்ச்சல்! அந்தப் பக்கத்தில் மூளைக்காய்ச்சல் என்றால் கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல்தான் முதலில் ஞாபகம் வரும். அரசாங்கமும் கொசுவுக்குப் புகை அடித்தது, தடுப்பூசி போட்டது. நோய் நிற்கவில்லை.

நன்றாக யோசித்துப் பாருங்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் பெரும்பாலும் வளர்ந்த ஆண்கள். கொசு என்றால் பண்ணைக்காரரையும் கடிக்கும், பக்கத்து வீட்டுக்காரரையும் கடிக்கும். இங்கே பன்றியைத் தொட்டு வேலை செய்தவர்களுக்கே வந்தது. பண்ணைகளை நடத்திய சீனர்களும் அங்கே வேலை பார்த்த இந்தியத் தொழிலாளர்களும் நோயாளிகளில் இருந்தார்கள். பன்றி வளர்க்காத மலாய் மக்களிடையே நோய் மிக அரிது. போதாததற்குப் பன்றிகளே இருமிக் கொண்டிருந்தன. கொஞ்ச தூரத்திலிருந்தே கேட்கும் அளவுக்குக் குரைக்கிற மாதிரி இருமல்! ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் பன்றி இப்படி இருமாது. ஒரு மெஷின் தப்பான சத்தம் போடும்போது ‘பழைய கோளாறுதான்’ என்று முடிவு கட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது ஒரு பாடம்.

இதற்குள் விற்ற பன்றிகள் லாரி ஏறித் தெற்கே நெகிரி செம்பிலான் மாநிலத்துக்குப் போய், நோயும் கூடவே போய்விட்டது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுவா காவ் பிங் என்ற மருத்துவர், ஒரு நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து புதிய வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தார். அந்த நோயாளியின் ஊர் சுங்கை நிபா. அதனால் ‘நிபா வைரஸ்’ என்று பெயர் வந்தது. மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டு 105 பேர் இறந்தார்கள். சிங்கப்பூரில் இறைச்சிக் கூடத்தில் மலேசியப் பன்றிகளை வெட்டிய 11 தொழிலாளர்களுக்கு நோய் வந்து ஒருவர் இறந்தார். சுமார் 10 லட்சம் பன்றிகளைக் கொன்று புதைத்த பிறகே நோய் நின்றது. எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பு அந்தக் குழிகளோடு போச்சு.

வைரஸ் எங்கிருந்து வந்தது? முதலில் நோய் கண்ட பண்ணையில் ஏறக்குறைய 30,000 பன்றிகள் இருந்தன. கொட்டடியை ஒட்டியே மாமரங்களும் இருந்தன. பழந்தின்னி வௌவால் பழத்தை முழுசாக விழுங்குவதில்லை. கடித்துச் சாற்றை உறிஞ்சிக்கொண்டு சக்கையைத் துப்பிவிடும். பாதி தின்ற பழம் கீழே விழும். கீழே பன்றி! பழந்தின்னி வௌவாலின் சிறுநீரிலும், அது கடித்துப் போட்ட பழத்திலும் நிபா வைரஸ் இருப்பதைச் சுவாவின் குழு பின்னால் நிரூபித்தது.

நம் கணக்கில் போட்டுப் பாருங்கள். வௌவால் எச்சில் முதல் சுவிட்சு. ஈரமான மாம்பழம் இரண்டாவது. மரத்தடியில் பன்றி மூன்றாவது. நாலாவது பூட்டு விஷயம். நிபா வைரஸ் பற்றிக்கொள்ளும் ‘எஃப்ரின்-பி2’ என்ற புரதம் வௌவால், பன்றி, குதிரை, மனிதன் என்று பல பிராணிகளில் கிட்டத்தட்ட ஒரே அச்சில் இருக்கிறது. ரத்தக் குழாய்ச் சுவரிலும் நரம்பு செல்லிலும் இது அதிகம். அதனால்தான் நோய் மூளையைப் போய்த் தாக்குகிறது.

பெரிய பண்ணை என்பதால் இன்னொரு வினையும் சேர்ந்தது. புதுப்புதுக் குட்டிகள் பிறந்துகொண்டே இருந்ததால் நெருப்புக்கு விறகு தீரவே இல்லை. பழ மரமும் பன்றிக் கொட்டடியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று புரிந்துகொண்டு, இரண்டையும் பிரித்தார்கள். 1999-க்குப் பிறகு மலேசியாவில் நிபா நோய் மீண்டும் தலைகாட்டவில்லை.

பட்டினி கிடக்கும் வௌவால்

நிபாவுக்கு ஓர் அண்ணன் உண்டு. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்தின் ஹெண்ட்ரா என்ற பகுதியில், 1994 செப்டம்பரில் ஒரு பந்தயக் குதிரை லாயத்தில் குதிரைகள் வரிசையாகச் செத்தன. அவற்றைப் பராமரித்த பயிற்சியாளரும் இறந்தார். அதுதான் ஹெண்ட்ரா வைரஸ். அதுவும் பழந்தின்னி வௌவாலிடமிருந்து குதிரைக்கு வந்து, குதிரையிடமிருந்து மனிதனுக்கு வந்தது. 1994-லிருந்து 2009 வரை 7 பேருக்கு நோய் கண்டு 4 பேர் இறந்தார்கள்.

இங்கே ஒரு விசேஷம். அடிபட்ட வௌவால்களை எடுத்து வளர்க்கும் தொண்டர்கள் அந்த நாட்டில் நிறைய. அவர்கள் 100-க்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஒருவருக்குக்கூட ஹெண்ட்ரா வந்துபோன அடையாளம் இல்லை! தினம் வௌவாலோடு புழங்குபவருக்கு வராத நோய், குதிரையைப் பார்த்துக்கொண்டவருக்கு வந்தது. நடுவில் நிற்பவர் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சரி, வௌவால் ஏன் குதிரை மேய்கிற இடத்துக்கு வந்தது? 1996 முதல் 2020 வரையிலான 25 ஆண்டுத் தகவல்களைச் சேர்த்து ஆராய்ந்து 2022-ல் இதற்கு விடை சொன்னார்கள். அந்த வௌவாலின் உணவு முக்கியமாக யூகலிப்டஸ் போன்ற காட்டு மரங்களின் பூந்தேன். குளிர்காலத்தில் பூக்கும் காடுகளை மனிதன் பெருமளவு வெட்டிவிட்டான். பஞ்சம் வரும் வருஷங்களில் வௌவால்கள் சின்னச் சின்னக் கூட்டமாகச் சிதறி, ஊர் ஓரத்துத் தோட்டங்களுக்கும் குதிரை மேயும் இடங்களுக்கும் வந்து, கிடைத்ததைத் தின்று தங்கிவிட்டன. பசியில் வாடும் வௌவால் வைரஸை அதிகம் வெளியே விடுகிறது. அதே ஊர்களில், மிச்சமிருக்கும் காடு நன்றாகப் பூத்த குளிர்காலங்களில் வௌவால்கள் அங்கே போய்விட்டன. அந்தச் சமயங்களில் குதிரைக்கு நோய் வரவில்லை!

ஆகவே முதல் சுவிட்சு வௌவாலின் கையில் மட்டும் இல்லை. காடு வெட்டுகிறவன் கையிலும் இருக்கிறது. நாலாவது சுவிட்சையும் அங்கே திறந்து பார்த்தார்கள். 2012-ல் குதிரைகளுக்கென்றே ஹெண்ட்ரா தடுப்பூசி வந்தது.

பானைக்குப் பாவாடை

அடுத்து வங்காள தேசம். இங்கே பன்றியும் இல்லை, குதிரையும் இல்லை. 2001-லிருந்து பல ஆண்டுகள் குளிர்காலத்தில் நிபா தலைகாட்டியது. நோய் கண்டவர்களில் பத்துக்கு ஏழு பேர் இறந்தார்கள். ஏன் குளிர்காலம்?

நமக்குப் பனையிலிருந்து பதநீர் இறக்குவது தெரியும். அங்கே ஈச்ச மரத்திலிருந்து ‘ரஸ்’ இறக்குவார்கள். நாம் பாளையைச் சீவுகிறோம். அவர்கள் மரத்தின் உச்சியில் தண்டையே ஒரு பக்கம் சீவி, மூங்கில் குழாய் செருகி, மண் பானையைக் கட்டுவார்கள். இரவெல்லாம் சொட்டும். விடிந்ததும் இறக்கிப் பச்சையாகவே குடிப்பார்கள். குளிர்கால விடியலில் அதைக் குடிப்பது அவர்களுக்கு ஒரு திருவிழா மாதிரி. சொந்தபந்தத்துக்கெல்லாம் கொடுத்து அனுப்புவார்கள்.

2005-ல் டாங்காயில் மாவட்டத்தில் நோய் வந்தபோது, நோய் வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டு விசாரித்ததில் இந்தப் பச்சைச் சாறு சிக்கியது. பிறகு மரங்களில் இருட்டிலும் படம் பிடிக்கும் அகச்சிவப்புக் காமிராக்களைக் கட்டினார்கள். ராத்திரி பூராவும் பழந்தின்னி வௌவால்கள் வந்து, சீவிய இடத்தை நக்கிக் கொண்டிருந்தது படத்தில் விழுந்தது. ஈரமும் இனிப்பும் கலந்த குளிர்ந்த சாறு இரண்டாவது சுவிட்சு. விடியற்காலையில் நீட்டுகிற டம்ளர் மூன்றாவது. நடுவில் பிராணியே தேவைப்படவில்லை.

தீர்வு என்ன தெரியுமா? கோடிக்கணக்கில் செலவு இல்லை. மூங்கில் சிம்புகளைப் பாய் மாதிரி பின்னி, சீவிய இடம், குழாய், பானை வாய் மூன்றையும் மூடிக் கட்டுவது. ‘பானா’ என்று பெயர். சாறு திருடு போகாமல் இருக்க மரம் ஏறும் தொழிலாளிகள் சிலர் முன்பே செய்து வந்ததுதான். ஆராய்ச்சியாளர்கள் அதையே எடுத்து, மூங்கில், சணல் குச்சி, பாலிதீன் என்று விதவிதமாகக் கட்டிக் காமிரா வைத்துச் சோதித்தார்கள். மூடிய மரங்களில் வௌவாலால் சாற்றைத் தொட முடியவில்லை. பானைக்கு ஒரு பாவாடை, அவ்வளவுதான்! இன்னொரு வழி, சாற்றைக் காய்ச்சி வெல்லமாக்குவது. கொதியில் வைரஸ் சாகும்.

ஒரு டிசைன் நல்ல டிசைன் என்பதற்கு இலக்கணம் கேட்டால் நான் இந்தப் பானாவைத்தான் காட்டுவேன். உள்ளூர்ச் சாமான், உள்ளூர்க் கை, மரம் ஏறுகிறவருக்கே அதில் லாபம். சாறும் மிச்சம், உயிரும் மிச்சம்.

பல்பு எரிந்த பிறகு

நாலு சுவிட்சும் மூடி, ஒரு மனிதனுக்கு நோய் வந்துவிட்டால்? அதற்கு நம் பக்கத்து மாநிலமே சாட்சி. 2018 மே மாதம் கேரளத்தில் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா பக்கத்தில் நிபா வந்தது. ஆய்வில் உறுதியானவர்கள் 18 பேர். அவர்களில் பிழைத்தவர் இரண்டே பேர். முதல் நோயாளியைத் தவிர மற்றவர்களுக்கு நோய் வந்தது வௌவாலிடமிருந்து அல்ல, நோயாளியிடமிருந்து. பெரும்பாலும் ஆஸ்பத்திரி வராந்தாவில், வார்டில், ஸ்கேன் எடுக்கக் காத்திருந்த இடத்தில். நோயாளிக்குப் பணிவிடை செய்த பேராம்பிரா அரசு மருத்துவமனைச் செவிலியர் லினியும் உயிர் இழந்தார்.

நோயாளியைத் தனியே வைத்தார்கள். தொடர்பில் இருந்த 2,000-க்கும் மேற்பட்டவர்களைத் தேடிப்பிடித்துக் கண்காணித்தார்கள். கையுறை, முகக்கவசம், சோப்பு என்று கட்டுப்பாடு வந்தது. நோய் அடங்கியது. 2019, 2021, 2023, 2024 ஆண்டுகளிலும் கேரளத்தில் நிபா வந்தது. விரைவாக உஷாரானதால் பெரிதாகப் பரவவில்லை.

2018-ல் இன்னொன்றும் நடந்தது. முதல் குடும்பத்தின் கிணற்றில் இருந்த வௌவால்களைப் பிடித்துச் சோதித்தார்கள். அவை பூச்சி தின்னும் வௌவால்கள். வைரஸ் இல்லை. பிறகு அந்த வட்டாரத்துப் பழந்தின்னி வௌவால்களில் நிபா இருப்பது தெரிந்தது. ‘வௌவால்’ என்று எல்லாவற்றையும் ஒரே கூண்டில் நிறுத்தினால் நிரபராதிதான் மாட்டும்.

கொன்றுவிட்டால் தொல்லை விட்டதா?

அந்தச் சமயம் நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்க் கண்மாய்க்கரை மரத்தில் தொங்கும் வௌவால்களைப் புகை போட்டு விரட்ட வேண்டும் என்று சில அண்ணன்மார்கள் கிளம்பினார்கள். “தாத்தா காலத்துல இருந்து தொங்குது, ஒருத்தனுக்கு ஒன்னு ஆகல. போங்கடா!” என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் தடுத்துவிட்டார். அவர் விஞ்ஞானம் படித்தவர் இல்லை. ஆனால் அவர் செய்ததுதான் சரி. எப்படி என்கிறீர்களா?

ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டில் கிடாகா என்று ஒரு சுரங்கம். அங்கே 2007-ல் தொழிலாளிகளுக்கு மார்பர்க் என்ற கொடிய வைரஸ் நோய் வந்தது. சுரங்கத்தில் இருந்த எகிப்தியப் பழ வௌவால்கள்தான் அதன் இருப்பிடம். உடனே அந்த வௌவால்களை ஒழித்துக் கட்டினார்கள். சில வருஷத்தில் வேறு வௌவால்கள் வந்து குடியேறின. 2012-ல் அந்தப் பக்கத்தில் மறுபடியும் மார்பர்க்! திரும்ப வந்த வௌவால்களைச் சோதித்துப் பார்த்தால், முன்பு 100-க்கு சுமார் 5 வௌவாலில் இருந்த வைரஸ், இப்போது 100-க்கு 13-ல் இருந்தது. பழைய கூட்டத்தில் நோய் வந்து எதிர்ப்புச் சக்தி பெற்ற வௌவால்கள் அதிகம். அவற்றைக் கொன்றதும் எதிர்ப்புச் சக்தி இல்லாத புதியவை வந்து நிரம்பின. வைரஸுக்குக் கொண்டாட்டம்!

கொல்வதால் நஷ்டம் வேறு. பூச்சி தின்னும் வௌவால் இரவெல்லாம் பயிர்ப் பூச்சியைத் தின்கிறது. பழந்தின்னி வௌவால் விதையைத் தூரம் தூரமாகக் கொண்டு போடுகிறது, பூக்களில் மகரந்தம் சேர்க்கிறது. தமிழ்நாட்டில் சில ஊர்களில் மரத்து வௌவால் பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிறார்கள். மூடநம்பிக்கை என்று சிரிக்க வேண்டாம். கலைக்கப்படாமல் ஓர் இடத்தில் அமைதியாக இருக்கும் வௌவால்தான் நமக்கும் நல்லது.

நாம் செய்யக் கூடியது

அப்படியானால் பயமே வேண்டாமா? வேண்டியது பயம் இல்லை, ஒழுங்கு. அணிலோ வௌவாலோ கடித்த பழம் ருசி என்று எடுத்துத் தின்னாதீர்கள். பழங்களைக் கழுவித் தோல் சீவிச் சாப்பிடுங்கள். திறந்த பானையில் ராத்திரி முழுக்க இருந்த சாற்றைப் பச்சையாகக் குடிக்க வேண்டாம். வௌவால் அடையும் மரத்தடியில் ஆடு, மாடு, பன்றி கட்ட வேண்டாம். கீழே விழுந்த வௌவாலை வெறுங்கையால் தொடாதீர்கள். கடியின் மூலம் நேராகவே வரும் வைரஸும் உண்டு, வெறிநாய்க்கடி வைரஸின் உறவுக்காரன் அது. தவறிக் கடித்தால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

நண்பர்களே! நாளை நம்மில் ஒருவர் பண்ணைக் கொட்டகைக்கு பிளான் போடலாம். ஒருவர் ரோடு போடக் காட்டுக்குள் சர்வே சங்கிலி இழுக்கலாம். ஒருவர் ஆஸ்பத்திரி வார்டுக்குக் காற்றோட்டம் அமைக்கலாம். அந்த வரைபடங்களில் எல்லாம் இந்தச் சுவிட்சுகள் ஒளிந்திருக்கின்றன. ஈப்போவில் கொட்டடியை நாலு தப்படி தள்ளிப் போட்டிருந்தால், அந்த மரத்தடியிலாவது ஒரு சுவிட்சு திறந்தே இருந்திருக்கும். பென்சிலைக் கையில் எடுக்கும்போது, மரம் எங்கே இருக்கிறது, அதன் கீழே யார் நிற்கப் போகிறார்கள் என்று ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கோடு போடுவோம்.